கர்னல் வீட்டு விருந்து

கனடாவிலிருந்து கடிதம் வந்தபோது அக்கா துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கடிதம் என் மடிக்கணினிக்குத்தான் வந்தது. விசா விண்ணப்பத்தைத் தட்டி அனுப்பியவள் நான். அடுப்புப் பக்கம் நின்றே படித்துக் காட்டினேன்.

அக்கா கணவரின் பயண வரலாறு மேலதிகப் பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. லிபியாவின் மிஸ்ராத்தா நகரில் அவர் விருந்தினராகத் தங்கிய கர்னலின் முழுப் பெயர், படைப்பிரிவு, முகவரி, எத்தனை முறை சந்தித்தார், இப்போதும் தொடர்பு உண்டா என்பதையெல்லாம் முப்பது நாளுக்குள் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்பார்கள்.

அக்கா கரண்டியைச் சட்டியின் மேல் குறுக்காக வைத்தாள். "மினியோ, இங்க வா" என்றாள்.

மினியோ அத்தான் கப்பல் சமையல்காரர். முழுப் பெயர் ஹெர்மினியோ ஃபமாதிட். சட்டை போடாமல், பல்குச்சியோடு வந்தார்.

"கர்னல் பேரு என்ன?"

"அகமது."

"குடும்பப் பேரு?"

"கர்னல் அகமது. அங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"எந்தப் படை?"

"பெரிய படை."

"வீடு எங்க?"

"கடல் பக்கத்துல, விக். வெள்ளை வீடு." பல்குச்சியை வாயின் மறுபக்கம் மாற்றிக்கொண்டார். "மாடி உண்டு."

அக்கா மரிவிக் நர்ஸ். மானிடோபாவில் ஒரு சிறிய ஊரின் முதியோர் இல்லம் அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. செப்டம்பர் வரை அந்த இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து போனால் அத்தான் கப்பலை விட்டுவிடலாம். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். அவருடைய வேலை ஒப்பந்தங்களை வைத்து ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருந்தது இரண்டு வருடம் நான்கு மாதம். அக்கா கனடாவைப் பற்றிப் பேசும்போது பனியைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ பேசமாட்டாள். "தினமும் வீட்டுக்கு வருவான்" என்பாள். அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்துக்கு நானும் ஒரு காரணம்.

பனாய் தீவில் எங்கள் ஊரான மியாகாவோவில் வெளிநாடு போக நினைக்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பாஸ்போர்ட்டில் முத்திரை கூடக்கூட விசா சுலபம். அதற்காகவே மூன்று நாள் ஹாங்காங், மூன்று நாள் பாங்காக் என்று போய், எதையும் பார்க்காமல், நூடுல்ஸ் தின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து இலோய்லோ நகரத்து விசா ஏஜென்ட் பெண்மணியும் அதையே சொன்னார். "எத்தனை நாடோ அத்தனை நம்பிக்கை, மிஸ்."

அதைக் கேட்டதும் அத்தான் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எழுது இண்டாய். இந்த ஊர்ல என்னைவிட நாடு பாத்தவன் எவன் இருக்கான்?"

என்னை வீட்டில் இண்டாய், சின்னப் பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தான் முப்பத்தொரு நாடுகள் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் கப்பல் வேலை என்று சொல்லவில்லை. ஈரானின் பந்தர் அப்பாஸ்: கம்பளம் வாங்க. சிரியாவின் லதாக்கியா: நண்பர்களைப் பார்க்க. மிஸ்ராத்தா: கர்னல் ஒருவரின் விருந்தினராக, அவர் வீட்டில் எங்கள் ஊர் அடோபோக் கறி சமைக்க.

மிஸ்ராத்தாவுக்கு வந்த தேதியும் கிளம்பிய தேதியும் ஒன்றே. கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் வேதியியல் படித்தவள். ஓர் எண் சந்தேகமாக இருந்தால் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லித் தந்தார்கள். வீட்டில் மூத்தவர்கள் சொல்வதை எப்படித் திரும்பச் சோதிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கூடத்தில் ஒரு கம்பளம் மாட்டியிருந்தது. ஈரானிலிருந்து கொண்டுவந்தது என்பார். கல்லூரி இரண்டாம் ஆண்டில், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அதிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து எரித்துப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும். இது உருகி மணியாகச் சொட்டியது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அலமாரியைத் திறந்து அவருடைய கப்பல் ஏஜென்சி கொடுத்திருந்த துறைமுகப் பட்டியலை எடுத்துவந்தேன். அவர் முன்னால் வைத்தேன்.

"மனோங்… காலையில ஆறரைக்குக் கப்பல் கட்டியிருக்கு. மூணே முக்காலுக்கு அவுத்திருக்கு. கரை இறங்க அனுமதி இல்லன்னு போட்டிருக்கு."

மனோங் என்று, அண்ணன் முறையில், கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறவள் நான்; அந்த வீட்டில் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அத்தான் பட்டியலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"சமையல்காரன் எப்படி இறங்குவான், விக்? கப்பல் கரையில கட்டினாத்தான் எனக்குக் கூட்டமே. நம்மாளு இருபத்திரண்டு பேரு. அது போக ஏஜென்ட்டு, சுங்கக்காரன், கிரேன்காரன். எல்லாவனும் சாப்பாட்டு நேரம் பாத்துத்தான் ஏணியில ஏறுவான்."

"முப்பத்தொரு நாட்டுல எத்தனை நாட்டுல இறங்கின?"

"நாலு."

"நாலு?"

"மூணு. பனாமால கால் வச்சேன். கயிறு கட்டறவன் திட்டினான். திரும்ப ஏறிட்டேன்."

"மீதி மூணு?"

"சிங்கப்பூர்ல பல்லு புடுங்க. டர்பன்ல முட்டை வாங்க." யோசித்தார். "சிங்கப்பூர்ல இன்னொரு பல்லு."

"அப்ப ரெண்டு நாடு."

"ரெண்டு."

"அப்ப இத்தனை கதையும்?"

"இறங்கிட்டு வர்றவன் பசியோட வருவான். என் அடுப்பு முன்னாடி உக்காந்துதான் சொல்லுவான். எல்லாக் கதையும் எனக்குத்தான் மொதல்ல வரும்." குரலைத் தாழ்த்தினார். "கர்னல் மட்டும் என்னோடது. அது நானே யோசிச்சது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"லிபியால சண்டை நடக்குதுன்னு உனக்காக ஒம்பது நாள் முட்டி போட்டு ஜெபம் பண்ணினேன். நீ முட்டை அவிச்சிக்கிட்டு இருந்திருக்க."

"அன்னிக்கி எம்பது முட்டை, விக்."

அக்கா அடுப்பை அணைத்தாள். அன்று யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டோம்.

நோட்டரி வக்கீல் அட்டர்னி நோப்லெசாடாவின் அலுவலகம் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிறது. கையில் விசிறியோடு இருக்கும் பெரிய உடம்புக்காரம்மா. கடிதத்தைப் படித்தார், விண்ணப்பத்தைப் படித்தார், மறுபடியும் கர்னல் பகுதியைப் படித்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

"அட்டர்னி, அது பொய்" என்றாள் அக்கா.

"அது தெரியுது. கப்பல் ஏஜென்சிகிட்ட சான்றிதழ் வாங்குங்க, இறங்கலன்னு. ஆனா அது போதாது. எழுதினவன் இவரே. இப்ப இல்லன்னு சொல்றவனும் இவரே. அந்த அதிகாரி என்ன நினைப்பாரு? கர்னலைப் பத்திக் கேட்டதும் கர்னலை மறைக்கிறான்னு நினைப்பாரு. போட்டத எடுக்கறவன் மேலதான் சந்தேகம் ஜாஸ்தி."

"அப்ப என்ன பண்றது?"

"இவருக்கு இது பழக்கம்னு காட்டணும். கதை சொல்ற பழக்கம். சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேரு பிரமாணப் பத்திரத்துல சத்தியம் பண்ணணும்." விசிறியை மூடி அத்தானை அதால் சுட்டினார். "யாரோட குடிப்பீங்க?"

அத்தானின் முகம் அப்போதுதான் உண்மையிலேயே வாடியது.

டிரைசிக்கிள் ஓட்டும் டுடிங்கும் சண்டைச் சேவல் வளர்க்கும் எப்போயும்தான் அவருடைய கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை மதியம், பெட்டிக்கடை வாதாமரத்தடியில், சுட்ட கணவாயும் ரம்மும் வைத்திருந்தார்கள். அக்கா வரவில்லை. அவர் பேச்சை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினாள். நான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தேன்.

"பாரே" என்று, கூட்டாளிகளைக் கூப்பிடும் வழக்கப்படி, ஆரம்பித்தார் அத்தான். "நான் கர்னலைப் பாக்கல. லிபியால கால் வைக்கல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டுடிங் மெதுவாகச் சிரித்தார்.

"புரியுது பாரே. கனடாக்காரன் கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"கனடாக்காரனுக்காக இல்ல. நெசமாவே போகல."

"இதே மாதிரி சொல்லு. மூஞ்சியும் இப்படியே இருக்கட்டும். நல்லா நம்பறாப்பல இருக்கு."

அத்தான் பிரமாணப் பத்திரத்தைப் பற்றிச் சொன்னார். எப்போய் கணவாயைக் கீழே வைத்தார்.

"சத்தியமா? பைபிள் மேல கை வச்சா?"

"ஆமா."

"என் மகளுக்கு டிசம்பர்ல கல்யாணம். இந்த நேரத்துல நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்."

"பொய் இல்லடா! கர்னலே இல்ல!"

"நீ அழுதடா" என்றார் டுடிங். "கர்னலோட அம்மா உன் கையைப் புடிச்சுக்கிட்டு, எனக்கு இன்னொரு புள்ள கெடைச்சிருக்கான்னு சொன்னாங்கன்னு சொன்னப்ப நீ அழுத. நானும் அழுதேன். இதோ இவனும் அழுதான்."

"நான் அழல" என்றார் எப்போய். "எனக்கு ஜலதோஷம்."

நான் அத்தானின் சமையல் நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். எந்தக் கப்பலில், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்ன சமைத்தார் என்று அதில் எழுதியிருப்பார். எழுந்து நின்றேன். எழுந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"மார்ச் ஒன்பது, மிஸ்ராத்தா" என்று படித்தேன். "காலை நாலு மணி, பூண்டுச் சோறு, முட்டை எண்பது. ஏழு மணி, துறைமுகத்து ஆட்களுக்கு ரொட்டி. பத்தரை, கோழி சூப். பதினொன்றரை முதல் ஒன்றரை வரை மதியச் சாப்பாடு. மூணு மணி, வாழைப்பழ வறுவல்."

இருவரும் கவனமாகக் கேட்டார்கள்.

"ஒன்றரையிலேர்ந்து மூணு மணி வரைக்கும் என்ன பண்ணின?" என்றார் டுடிங்.

"பாத்திரம் கழுவினேன்."

"நோட்டுல அது இல்லையே."

"பாத்திரம் கழுவினத எவன்டா எழுதி வைப்பான்?"

டுடிங் எப்போயைப் பார்த்தார். எப்போய் தலையாட்டினார். "அப்பத்தான் போயிருக்கான்."

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். தன் கதையிடமே தோற்றுப்போன ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

முப்பது நாளில் பதினேழு போய்விட்டது. ஏஜென்சி வேறு, ஜூன் மாதம் புதுக் கப்பல் இருக்கிறது, ஒன்பது மாத ஒப்பந்தம், வருவாரா மாட்டாரா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அத்தானிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் அவர் சட்டைகளை மட்டும் அவர் கப்பலுக்குக் கிளம்பும்போது மடிக்கிற மாதிரி சிறிதாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் அட்டர்னியிடம் மறுபடி ஓடினார்.

"கூட்டிட்டு வாங்க ரெண்டு பேரையும். முடியாதுங்கறத என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்" என்றார் அட்டர்னி.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். இருவரும் சட்டையை உள்ளே விட்டு, முடியில் எண்ணெய் தடவியிருந்தார்கள். மாட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

"சரி. அவர் போகலன்னு நீங்க சத்தியம் பண்ண வேண்டாம்" என்றார் அட்டர்னி. "நீங்க அந்தக் கப்பல்ல இல்ல, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னதக் கேட்டீங்கல்ல? கேட்டத மட்டும் சொல்லுங்க. அதுல பாவம் உண்டா?"

இருவரும் யோசித்தார்கள். பாவம் இல்லை என்று தோன்றியது.

"கர்னல் எப்படி இருப்பாரு?"

"ஒத்தக் கண்ணு" என்றார் டுடிங் உடனே.

"ரெண்டு கண்ணும் உண்டு" என்றார் எப்போய். "கூலிங் கிளாஸ் போட்டிருப்பாரு."

"ஒத்தக் கண்ணுடா. அதனாலதான் கண்ணாடி."

என்னைக் குறிப்பெடுக்கச் சொன்னார் அட்டர்னி. நான் தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி ஆக்கினேன். கண்: ஒன்று, இரண்டு. வாகனம்: வெள்ளைக் குதிரை, பச்சை ஜீப். அடோபோவில் போட்டது: கோழி, ஒட்டகம். கர்னல் கொடுத்த பரிசு: வாள், பேனா.

"வாள் எங்கடா?" என்று டுடிங் அத்தானிடம் திரும்பினார். "சுங்கத்துல புடுங்கிட்டாங்கன்னு சொன்னியே."

"என்கிட்ட வாளே சொல்லலையே" என்றார் எப்போய்.

அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைப்பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அவங்க அம்மா?" என்றார் அட்டர்னி.

"அதான் சொன்னேனே, இவன் கையைப் புடிச்சுக்கிட்டு—" என்று டுடிங் ஆரம்பித்தார்.

"அம்மாவா?" எப்போய் நிமிர்ந்தார். "அந்த அம்மாதான் செத்துப்போய்ப் பத்து வருஷமாச்சே. எங்கம்மா தவறினப்ப இவன் வந்து சொன்னான். கர்னலும் அம்மா இல்லாத ஆளு, ஆனா அம்மா சமையல் ருசி நாக்குல இருந்துச்சுன்னு என்கிட்ட சொன்னாருன்னு. அதக் கேட்டுத்தான் அன்னிக்கி நான் சாப்பிட்டேன்."

டுடிங்கின் வாய் திறந்தபடி நின்றது.

"அப்ப இவன் கையைப் புடிச்சது யாரு?"

டுடிங் நாற்காலியை அத்தான் பக்கம் திருப்பினார்.

"மினியோ" என்றார் டுடிங். "நான் செத்தவங்களுக்காகவாடா அழுதேன்?"

"அவங்க சாகல பாரே" என்றார் அத்தான் பரிதாபமாக. "அவங்க பொறக்கவே இல்ல."

"எங்கடா அந்த பைபிள்?" டுடிங் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். "எழுதுங்க அட்டர்னி. இவன் மாதிரி புளுகன் பனாய் தீவுலயே கெடையாது. எத்தனை தடவ வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

"நான் சேவலுக்குக் கர்னல்னு பேரு வச்சிருக்கேன்" என்றார் எப்போய்.

"ஜெயிச்சுதா?" என்று கேட்டார் அட்டர்னி.

"மூணு தடவ."

"அப்ப சேவலை இதுல இழுக்க வேண்டாம்."

பத்திரம் இரண்டு பக்கம் வந்தது. ஒன்பது வருடங்களில் ஏறக்குறைய அறுபது முறை இக்கதையைக் கேட்டிருப்பதாகவும், கர்னலின் கண்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மாறி வந்ததாகவும், தாயார் ஒரே மாதத்தில் உயிருடனும் இல்லாமலும் இருந்ததாகவும், மேற்படி நபர் கதை சொல்லும்போது கூடியிருப்போர் மது அருந்தியிருப்பது வழக்கம் என்றும் அதில் இருந்தது. என் இரண்டு பத்தித் தாளும் இணைப்பாகப் போனது. அத்தான் தன் பங்குக்கு ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டார்: 'நான் எழுதிய முப்பத்தொரு நாடுகளில் இருபத்தொன்பதைக் கப்பல் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.'

அதை எழுதி முடித்துப் பேனாவை வைத்தபோது அக்கா அவர் முழங்கையைத் தொட்டாள். ஜூன் கப்பலுக்கு வரவில்லை என்று அன்று மாலையே ஏஜென்சிக்குச் சொன்னார்.

ஜூலையில் காணொளி வழியாக நேர்காணல் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. அத்தான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில். நான் கேமராவுக்குத் தெரியாத மூலையில்.

"மிஸ்ராத்தாவுல நீங்க என்ன பாத்தீங்க?"

அத்தானின் கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அந்த வெளிச்சம் தெரியும். வாதாமரத்தடியில் முதல் கிளாஸ் முடிந்ததும் வரும். மேசைக்கு அடியில் அக்கா அவர் தொடையைக் கிள்ளினாள்.

"ஒரு கிரேன் மேடம்" என்றார். "மஞ்சள் கலர்."

"வேற?"

"அதுக்குப் பின்னாடி இன்னொரு கிரேன்."

"வேற?"

"ரெண்டாவது கிரேன் வேலை செய்யல மேடம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு தாள்களைப் புரட்டினார். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டபோது வாயை இறுக்கி வைத்திருந்தார்.

"பதினொரு வருஷம் உலகம் பூரா சுத்தியிருக்கீங்க. அப்ப எங்கதான் போனீங்க?"

"எங்கயும் போகல மேடம். சமைச்சேன்."

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் விசா வந்தது. அக்கா கடிதத்தை என்னிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அத்தான் வெளியே போய் டுடிங்கையும் எப்போயையும் கூட்டிவந்தார். மூவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் சேர்ந்து குடித்தார்கள். கிளம்பும் நாளில் டுடிங்தான் பெட்டிகளை டிரைசிக்கிளில் ஏற்றினார். வழி முழுவதும், "இப்பவாவது நெசமாவே போறியா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

அக்கா வேலை செய்யும் முதியோர் இல்லத்திலேயே அத்தானுக்கும் சமையலறையில் இடம் கிடைத்தது. நவம்பரில் ஒரு நாள் அக்கா வேலை இடைவேளையில் கூப்பிட்டாள். அங்கே வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. கூடவே அத்தானின் குரல், நாலைந்து பேரின் சிரிப்பு.

"தினமும் வீட்டுக்கு வர்றானா?" என்று கேட்டேன்.

"வர்றான். சில நாள் கொஞ்சம் லேட்டா வந்தாத் தேவலன்னு இருக்கு." சிரித்தாள். "இண்டாய், இங்க ஒரு தாத்தா இன்னிக்கி என்னைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டாரு. உங்க தங்கச்சி சயின்டிஸ்ட்டாமே, காலேஜுக்குப் போற வழியில ஆத்துல ஒரு முதலையை ஏதோ மருந்து வச்சுக் கொன்னாளாமே, நெசமான்னு."

மியாகாவோ ஆற்றில் வாத்துகள்தான் உண்டு.

"நீ என்ன சொன்ன, மனாங்?" என்று அக்காவைக் கேட்டேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு முதலைன்னு சொன்னேன்."